ஆறு மணி வீடியோ

எனக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். இந்தப் பக்கம் என் கடை. பெல்ட், பேரிங், பம்ப், கதவு ரப்பர் என்று வாஷிங் மெஷினுக்கு உண்டான சாமான் எல்லாம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவன் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, அதில்தான் அவனும் அவன் வீட்டுக்காரியும் குடியிருந்தார்கள். அறைக்குப் பின்னால் சுவர். வாசல் ஒன்றே ஒன்று, தெருவைப் பார்த்தது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிற்பாடு யாரும் என்னை முட்டாளாக்கக் கூடாது.

அவனுக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அவள் வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் அவன் எனக்கு மாப்ளை ஆனான். பிள்ளைகுட்டி இல்லை. சண்டைக்குக் குறைவில்லை. பலகை வழியாக எல்லாம் காதில் விழும். நானும் காதைப் பொத்திக்கொள்கிற ஆள் இல்லை.

வீடியோ சேனல் அவளுடைய யோசனை. மெஷின் நாற்றமடித்தால் எதைக் கழற்றிக் கழுவ வேண்டும், சுற்றும்போது தடதடவென்று ஆடினால் எந்தக் காலைத் திருக வேண்டும், சட்டைப் பையிலிருந்து விழுந்த ஊக்கு பம்ப்பில் சிக்கினால் எப்படி எடுப்பது என்று அவன் செய்துகொண்டே பேசுவான். அவள் போனைப் பிடிப்பாள். அவள் முகம் ஒரு நாளும் வந்ததில்லை. "இன்னும் கிட்ட காமிங்க" என்று குரல் மட்டும் வரும். முதல் வீடியோவை ஒன்பது பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் நான், ஒருத்தி அவள் அக்கா. மீதி ஏழு பேர் யாராக இருக்கும் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தார்கள்.

"தினமும் சாயங்காலம் ஆறு மணிண்ணே. ஒரு நாள் விட்டோம், செத்தோம்," என்பாள்.

"யாரும்மா சாகப் போறா? ஒன்பது பேரு பாக்குறான்."

"இன்னைக்கு ஒன்பது. ஆறு மணியானா நாம வருவோம்னு அந்த ஒன்பது பேருக்கும் தெரியணும். அப்பத்தான் அது தொண்ணூறாகும். நீங்க கடைய நெனச்ச நேரத்துக்குத் திறந்தா எவன் வருவான்?"

யாரிடம் சொல்கிறாள்! முப்பது வருஷமாக ஒரு நாள்கூட மூடாமல் கடை நடத்திவந்தவன் நான். அவளுக்கு ஜுரம் வந்த அன்றும் ஆறு மணிக்கு வீடியோ வந்தது. அவளுடைய அப்பா செத்த அன்றும் வந்தது. எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். ஏழாவது மாசத்தில் நாலாயிரம் பேர் ஆனார்கள். அவள் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தாள்.

அப்போதுதான் அவன் குரல் கம்ம ஆரம்பித்தது. ஓடுகிற மெஷினோடு போட்டி போட்டுக் கத்திக் கத்திப் பேசிய தொண்டை. உள்ளே சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த பிறகு மூன்று வாரம் வாயையே திறக்கக் கூடாது, திறந்தால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மூணு வாரம்னா இருபத்தோரு வீடியோ," என்றாள் அவள். ஆபரேஷனைப் பற்றி அவள் கேட்ட முதல் கணக்கு அது. எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, அவன் தொண்டைய அறுக்கப் போறாங்க, நீ வீடியோ எண்ணிக்கிட்டு இருக்க!"

"அவரு தொண்டைக்காகத்தாண்ணே எண்ணுறேன். முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டா அப்புறம் நிம்மதியா வாய மூடிக்கிட்டு இருக்கலாம்ல?"

நாலு நாளில் இருபத்தொன்றையும் எடுத்தார்கள். பட்டறைக் குறுக்கே கயிறு கட்டி ஏழு சட்டை தொங்கவிட்டாள். ஒரு வீடியோ முடிந்ததும் சட்டை மாற்ற வேண்டும், அப்போதுதான் வேறு வேறு நாள் மாதிரி இருக்கும். அது போதாதென்று இன்னொன்றும் கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றிலும் அன்றைய நாளைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். சும்மா வாய்க்கு வந்ததை.

"இன்னைக்கு நம்ம பக்கம் மழை பிச்சுக்கிட்டு ஊத்துது மக்களே," என்பான், வெளியே மண்டையைப் பிளக்கிற வெயிலில். "இன்னைக்கு வீட்டுக்காரி டீல சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டா." "பக்கத்துக் கடை அண்ணன் இன்னைக்குக் கடை திறக்கல, அதான் சத்தமே இல்ல."

"டேய் மாப்ளை, நான் உசுரோடதான்டா இருக்கேன்!" என்று பலகையைத் தட்டினேன். மூன்று பேரும் சிரித்தோம்.

நாலாவது நாள் யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. பத்தொன்பதாவது வீடியோ. நீலச் சட்டையைக் கொடுத்தாள். அது ஏற்கெனவே இரண்டு தடவை வந்தாகிவிட்டது, பையில் மைக்கறை வேறு தெரியும் என்றான் அவன். தெரியாது என்றாள் அவள். ஒரு மைக்கறையில் ஆரம்பித்து, பதினோரு வருஷத்துக் கதை எல்லாம் வெளியே வந்தது. "அப்ப நீங்களே எடுத்துக்கங்க!" என்று போனை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனும் விடவில்லை. போனைப் பெயின்ட் டப்பாவில் சாய்த்து வைத்து, அவளுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக ஆரம்பித்தான்.

"இன்னைக்கு போன் பிடிக்க ஆள் இல்ல மக்களே. வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டா. இனிமே வரமாட்டா. இனிமே நான் ஒண்டிக்கட்டைதான்."

அறைக்குள்ளிருந்து அவள் சிரித்துவிட்டாள். சண்டை அத்தோடு முடிந்தது. இருபத்தொன்றையும் தேதிவாரியாகப் போட்டு, ஆறு மணிக்கு ஒவ்வொன்றாகத் தானே வெளியாகிற மாதிரி வைத்தார்கள். மறுநாள் ஆபரேஷன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாயைத் திறக்க முடியாத மெக்கானிக், பழைய மெஷின் ஒன்றின் வெள்ளை உடம்பில் மார்க்கரால் எழுதிப் பேசினான். பெயின்ட் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவான். பட்டறை முழுக்கத் தின்னர் வாடை.

அந்த இருபத்தொன்றில் முதல் வீடியோ வந்த அன்று மழை பெய்தது. அந்த மாசத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை, சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடியது. ஆறு மணிக்கு அவன் போனில் "மழை பிச்சுக்கிட்டு ஊத்துது" என்று சொல்கிறான், வெளியே ஊற்றுகிறது. "பாத்தீங்களாண்ணே, நம்ம அதிர்ஷ்டத்த!" என்று கை தட்டினாள். நாலாவது நாள் எனக்கு டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். உப்பு. அவள் வேண்டுமென்றே செய்தாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், இல்லை.

ஏழாவது நாள் என் ஷட்டர் தூக்க வரவில்லை. பூட்டு திறந்துவிட்டது, ஷட்டர் மட்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. எண்ணெய் விட்டேன், ஆளை வைத்து நெம்பினேன், வெல்டிங்காரனைக் கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் கடை மூடிக்கிடந்தது. ஆறேகாலுக்கு, சும்மா ஒரு விரலால் தூக்கினேன். சரசரவென்று மேலே போய்விட்டது.

பதினோராவது நாள் ஒருவர் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மெக்கானிக் கதவைத் திறந்தான், திறந்தபடியே நின்றான். டிரம்முக்குள் ஒரு பூனைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. பதினோராவது வீடியோவில் அவன் விட்ட கதை அதேதான், அந்தக் கறுப்புக் காது உட்பட. மெஷின்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படி உள்ள போச்சுன்னே தெரியலீங்க" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவன் மார்க்கரை எடுத்து மெஷினில் எழுதினான்: பத்தொன்பது.

"என்ன பத்தொன்பது?" என்றாள். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதை எடுத்துடலாம் என்று எழுதினான்.

"எடுத்துட்டு? அன்னைக்கு ஆறு மணிக்கு என்ன போடறது? உங்களால வாயத் திறக்க முடியாது. என் மூஞ்சியக் காட்டி நான் பேசட்டுமா? ஒரு உப்பு டீக்கும் பூனைக்குட்டிக்கும் பயந்துக்கிட்டு இருநூத்தி இருபது நாள் பாடுபட்டத விட்டுடறதா?"

"அவன் சொல்றதுல தப்பில்லம்மா," என்றேன் நான். "ஒரு நாள்தானே?"

"அந்த ஒரு நாளுக்குத்தாண்ணே இத்தன நாளும்."

அவன் எழுதினான், துடைத்தான், எழுதினான். பேச முடிகிறவளோடு எழுதிச் சண்டை போட முடியுமா? அவன் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் பத்து வரி பேசிவிடுவாள். கடைசியில் மார்க்கரைத் தூக்கி எறிந்தான். பார்ப்பவர்கள் எண்ணிக்கையோ அந்த நாட்களில்தான் பொத்துக்கொண்டு ஏறியது. எட்டாயிரம், ஒன்பதாயிரம். அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த எண்ணைப் பார்க்கும்போது மட்டும்தான் அவள் முகம் ஒரு பிள்ளை பெற்றவள் முகமாக இருந்தது.

பத்தொன்பதாவது நாள் மத்தியானம் அவள் மளிகைக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் அந்த வீடியோவை அழித்துவிட்டான். சேனலிலும் இல்லை, போனிலும் இல்லை. நாலு மணிக்கு அவள் பார்த்தாள்.

பலகை அதிர்ந்தது. நான் எழுந்து ஓடினேன்.

"யாரக் கேட்டு அழிச்சீங்க? ஜுரத்துல எடுத்தேன். எங்கப்பா பொணத்துக்கு மாலை போடுறதுக்கு முன்னாடி இதப் போட்டேன்! உங்களுக்கு இது வெளயாட்டாப் போச்சா?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். உனக்காகத்தான் என்று வாயை மட்டும் அசைத்தான்.

"எனக்காக ஒண்ணும் வேணாம். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இன்னொரு கை பையை எடுத்துவிட்டது. கால் நடக்க ஆரம்பித்துவிட்டது. வாசலைத் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் போகிறவள் அப்படிப் பார்க்க மாட்டாள். "அண்ணே," என்றாள், அவ்வளவுதான். நானும் அவனும் பின்னாலேயே ஓடினோம். தெருமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பஸ் போய்விட்டது. போன் அடித்தோம். அணைந்திருந்தது. அவள் அக்கா வீடு இரண்டு மணி நேரம்.

பட்டறைக்கு வந்ததும் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். முகம் கழுவினான். வீடியோ எடுக்கிற இடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டான். ஒன்றில் உட்கார்ந்து, போனை என்னிடம் நீட்டினான்.

"மாப்ளை, வேணாம்டா. இன்னும் ரெண்டே நாள்டா. இப்பப் பேசினா குரல் போயிடும்."

அவன் கேட்கவில்லை. சரியாக ஆறு மணிக்கு நேரலை போகிற மாதிரி பொத்தானை அவனே அழுத்தினான். நான் வாசலை அடைத்துக்கொண்டு, தெருவுக்கு முதுகு காட்டி நின்றேன், வெளிச்சம் என் தலைக்கு மேலாக அங்கிருந்துதான் வர வேண்டும். போனில் அவனும் தெரிந்தான், பக்கத்தில் காலி ஸ்டூலும் தெரிந்தது.

அவன் வாயைத் திறந்தான். அது அவன் குரலே இல்லை. பேரிங் தேய்ந்த மெஷின் அப்படித்தான் கத்தும்.

"இன்னைக்கு... என் வீட்டுக்காரி இங்கதான் இருக்கா மக்களே. என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

போனில் ஜனங்கள் எழுத ஆரம்பித்தார்கள். அக்கா வணக்கம். இன்னைக்குத்தான் அக்காவப் பாக்குறோம். அண்ணே, அக்கா ஏன் அழுவுறாங்க?

அந்த ஸ்டூல் காலியாக இருந்தது. கண்ணாலும் பார்க்கிறேன், போனிலும் பார்க்கிறேன், காலி. அக்கா கண்ணத் துடைங்க என்று ஒருத்தர் எழுதினார். அதைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. முகமெல்லாம் கண்ணீர்.

என்னைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை.

"பஸ்ல உக்காந்திருந்தேண்ணே," என்றாள் பிறகு. "டிக்கெட் வாங்கினேன். பாலம் தாண்டுச்சு. இறங்கணும் இறங்கணும்னு மனசு அடிச்சுக்குது, உடம்பு எந்திரிக்கல. அப்புறம் இவரு குரல் கேட்டுச்சு. இங்க உக்காந்திருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

அவள் கையில் டிக்கெட் இருந்தது. நானும் பார்த்தேன்.

அவன் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். அதற்கும் சத்தம் வரவில்லை.

பிழைத்தோம் என்றுதான் நினைத்தோம். மறுநாள் ஆறு மணிக்கு இருபதாவது வீடியோ தானாக வந்தது. பெல்ட் மாற்றுவது எப்படி, இன்னைக்குக் காத்து ஜோரா அடிக்குது. அவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் பட்டறையில்தான் இருந்தேன். அவள் துணியால் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. "அண்ணே, கைய பிடிங்க," என்றாள். பக்கத்தில் நிற்கிறாள், குரல் பத்து வீடு தள்ளிக் கேட்கிறது. மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நடுவில் ஏதோ இருந்தது, ஆனால் அது கை இல்லை.

"மாப்ளை! பேசுடா! சீக்கிரம் பேசுடா!" என்று கத்தினேன். பேசக் கூடாது என்று கெஞ்சியவனும் நான்தான்.

அவன் போனைப் பிடுங்கி நேரலையில் அந்த வரியைச் சொன்னான். என் விரல்களுக்குள் அவள் கை திரும்பி வந்தது. சூடாக, நாடித் துடிப்போடு.

என்னைக்கும் இங்கதான் இருப்பா என்று சொல்லிப் பார்த்தான். மறுநாள் ஆறு மணிக்கு அது உதவவில்லை. அவளே தன்னைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். எங்கள் வாய்க்கு மதிப்பில்லை. பத்தொன்பதில் அவன் சொன்ன அந்த 'இனிமே வரமாட்டா' தினமும் ஆறு மணிக்குப் புதிதாகப் பலித்தது. அவன் வாயால், அன்றன்றைக்கு ஒரு வீடியோ, அன்றைக்கு மட்டும் அவள் உண்டு. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஏனய்யா இப்படிச் செய்தாய் என்று திட்டினார். பேசினால் இன்னும் சில நாள், அதற்குப் பிறகு மூச்சு மட்டும்தான் வரும் என்றார்.

"இருக்கிற வரைக்கும் எடுத்து வெச்சுடலாம்," என்றாள் அவள். அழவில்லை. கயிறு கட்டினாள். ஏழு சட்டைக்குப் பதில் இந்தத் தடவை ஒரே சட்டை. ஒரு கிளாஸ் வெந்நீர் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் சொல்வான், அவள் நிறுத்துவாள், அவன் ஒரு வாய் குடிப்பான், மறுபடி.

"இன்னைக்கு என் வீட்டுக்காரி இங்கதான் இருக்கா."

"இன்னைக்கு என் வீட்டுக்காரி இங்கதான் இருக்கா."

நாலு நாள் நான் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டேன். வந்தவர்களுக்குச் சாமானை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நாலாவது நாள் மத்தியானம் அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது, ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒண்ணு என்று விரலைக் காட்டினான். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயைக் கையால் மூடினாள்.

"போதும்ங்க. எனக்காகப் பேசினது போதும்."

மொத்தம் ஆயிரத்து நூற்று நாலு வீடியோ. அதில் கடைசி ஆறு குரலா மூச்சா என்று சொல்ல முடியாது, அதனால் அவற்றை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மீதி ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு, நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வருஷமும் மூன்று நாளும்.

இப்போது அவள்தான் போனுக்கு முன்னால் பேசுகிறாள், அவன் கைகள் வேலை செய்கின்றன. நன்றாகவே பேசுகிறாள், சும்மா சொல்லக் கூடாது. வீடியோவின் ஆரம்பத்தில் அந்த ஒரு வரி மட்டும் அவன் குரலில் வரும். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். இந்த ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒரு நாள் தவறவில்லை என்று எங்கெங்கோ இருந்து பாராட்டி எழுதுகிறார்கள். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் கல்லாவைப் பூட்டிவிட்டு அங்கே போய்விடுவேன். வீடியோ வரும். அவள் ஒரு தடவை தன் கையைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்வாள். பிறகு டீ போடுவாள்.

நேற்று முந்நூற்று எழுபத்தொன்றாவது. டீ குடித்துக்கொண்டே ஜனங்கள் எழுதியதை அவள் வாசித்தாள். யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: தினமும் இதே வரியச் சொல்றீங்களே அண்ணே, உங்களுக்கே சலிக்கலையா?

மெக்கானிக் போனை வாங்கினான். கிரீஸ் விரலால் மெதுவாகத் தட்டினான்: இல்லைங்க. இன்னும் எழுநூத்தி இருபத்தேழு இருக்கு.

அந்த ஆள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு உடனே கேட்டார்: அதுக்கப்புறம்?

அவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு எந்த மெஷின் என்று கேட்டாள்.